இடது பக்க நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டரம்மா என் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டே எபிரெயம் பேசினார். வாயைப் பிளந்து கிடப்பவளிடம் கேள்வி கேட்பது என்ன நியாயம்? "வெட்கம்னா என்ன, சொல்லுங்க பாப்போம்" என்கிறார். "ஆ" என்றேன். "அதேதான்!" என்கிறார்.

நோயாளி வராத நேரத்தில் இவர் பழைய எபிரெயப் பக்திப் பாட்டுகளைத் தமிழாக்குகிறார். பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. வரும் பதினாலாம் தேதி நகர அரங்கில் வாசிப்பு. எடுத்துக்கொண்டிருப்பது எல்லாம் அவமானப் பாட்டுகள். டாக்டர் வாசிப்பார், நான் பக்கத்தில் நின்று சைகைமொழியில் சொல்ல வேண்டும். காது கேளாதவர்கள் அறுபது பேர் வருகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம். கோர்ட், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் பார்த்தாயிற்று. பாட்டுக்குக் கை கொடுப்பது இதுதான் முதல் தடவை.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கம் எனக்கு ஒரு ஆலோசகரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. காது கேளாதவர், கையால் கவிதை சொல்வதில் பேர் வாங்கியவர். தொழில் ரொட்டி சுடுவது. நாளை மூன்று மணிக்கு அவர் கடையில் பயிற்சி. பாதி உதடு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

ரொட்டிக்காரர் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. ஒரு கன்னத்தில் மட்டும்.

இதெல்லாம் எழுத வேண்டிய விஷயமா? இல்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று வேலை நடந்தது. நிஜமாகவே நடந்தது!

வெட்கம் என்று வரும் இடத்தில் நான் வழக்கம்போலக் கன்னத்தில் கை வைத்து முகத்தைத் தாழ்த்தினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "இது பொண்ணு பாக்க வந்தப்போ வர்ற வெட்கம். இந்தப் பாட்டுல இருக்கற ஆளுக்கு வெட்கம் தானா வரல. அவன் மேல போடறாங்க. போடறவங்க எங்க?" எல்லாம் கையால்தான் சொன்னார். அவர் கைப்பேச்சை எழுத்தில் வைத்தால் பாதி ருசி போய்விடுகிறது.

எங்கள் மொழியில் ஒரு வசதி உண்டு. கதையில் வருகிற ஆட்களை எதிரே வெறும் காற்றில் ஆளுக்கொரு இடத்தில் வைத்துவிடலாம். வைத்துவிட்டால் அந்த இடம் கடைசி வரை அவர்களுடையது. பெயர் சொல்ல வேண்டாம், அந்தப் பக்கம் விரல் நீட்டினால் போதும். சரி, பாட்டில் வரும் பரிகாசக்காரர்களை எங்கே வைப்பது? அவர் சுற்றிப் பார்த்தார். எனக்கு இடது கைப் பக்கம் பெரிய அடுப்பு, இரும்புக் கதவு பிளந்தபடி. "அங்க வைங்க. வாயைத் திறந்து ரெடியா இருக்கு."

ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்து விரல் நீட்டினேன். அடுப்பாக நின்று தலையை ஆட்டினேன், வாயைப் பிளந்தேன், நாக்கைத் துருத்தினேன். அவர் சிரித்துச் சிரித்து மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். குதித்தார். "அவர் சரியாப் பிடிச்சுட்டார்! அந்தப் பாட்டுங்கள்ல அவமானம் மனசுக்குள்ள நடக்கறதில்ல. தெருவுல நடக்குது. அண்டை வீட்டுக்காரன் தலையாட்டறான், தெரிஞ்சவன் பாத்துட்டு அடுத்த தெரு வழியாப் போறான்."

நமக்கு இது புதிதா என்ன. சந்தி சிரிக்கிறது என்கிறோமே! என் அக்காவைக் கேட்டால் மனசாட்சி என்று ஒன்று இருப்பதாகவே ஒத்துக்கொள்ள மாட்டாள், 'நாலு பேர்'தான் அவளுக்கு எல்லாம். அந்த நாலு பேரை நானும் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

எனக்குச் சைகைப் பெயர் கிடைத்துவிட்டது! இதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாதவர் ஒருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். இருபது வருஷமாக எனக்கு இருந்தது 'கண்ணாடி போட்ட மொழிபெயர்ப்பாளர்' என்பதுதான். அது பெயரா? அடையாளம்.

ரொட்டிக்காரர் தன் மூக்கு நுனியை விரலால் இரண்டு தடவை தட்டி என்னைக் காட்டினார். ஏன் என்றேன். சுவர்க் கண்ணாடியைக் காட்டினார். என் மூக்கில் மாவு.

துடைக்காமலே வீட்டுக்கு வந்தேன். "மூஞ்சியில என்னடி அது?" என்றாள் அக்கா. பவுடர் என்றேன். பவுடர் போடாத ஜென்மம் நான்.

மார்ச் 11, புதன்

டாக்டர் பல்லை அடைத்து முடித்தார். இந்தத் தடவை வாயை மூடிய பிறகு பேசினார், புண்ணியவதி.

"இவங்க வெட்கம்னு சொல்றது தப்பு பண்ணதுக்கு இல்லீங்க. நம்பினதுக்கு. நாலு பேர் அறிய ஒருத்தரை நம்பிட்டான். அவர் வந்தா தலை நிமிரும். வரலைன்னா முடிஞ்சுது. 'இவன் பெரிசா நம்பினானே, எங்க அவரு?'ன்னு ஊரே கேக்கும். அதனால அவன் மன்னிப்புக் கேக்கல. வந்து நில்லு, எல்லாரும் பாக்கற மாதிரி வந்து நில்லுன்னு கேக்கறான். வீட்டுக்குள்ள வந்து ஆறுதல் சொன்னாப் பத்தாது."

தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்து பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 14, சனி. காலை

ஐந்து மணிக்கு வாசிப்பு. சங்க விதி: இரண்டு மணி நேரம் முன்னதாக அரங்குக்குப் போய் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் காற்றில் ஆட்களை வைக்க வேண்டும். மூன்று மணிக்குப் போய்விடுவேன். போகிற வழியில் ரொட்டிக்கடையில் ஒரே ஒரு நிமிஷம்.

மார்ச் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் என்பது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மாவு பிசையக் கற்றுக்கொடுக்கிறேன் என்றார். கற்றுக்கொண்டேன். நாலே முக்காலுக்கு இரண்டு பேரும் தெருவில் ஓடினோம்.

மேடை ஏறியதும் விளக்கில் கண் கூசியது. முன் வரிசையின் இடது ஓரம் சரியாகத் தெரியவில்லை. டாக்டர் வாசிக்க ஆரம்பித்தார், கை தானாக ஓடியது, எனக்கே பெருமையாக இருந்தது. பரிகாசக்காரர்கள் வந்தார்கள். கடையில் அடுப்பு இருந்த இடது பக்கம் விரலை நீட்டினேன். தலையை ஆட்டினேன், வாயைப் பிளந்தேன். மறுபடி விரலை நீட்டினேன்.

அறுபது தலையும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

இடது ஓரத்து முதல் நாற்காலியில் எங்கள் சங்கத் தலைவரம்மா. தூக்கக் கலக்கத்தில் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. நான் விரல் நீட்டிய அந்த நொடியில் — கடவுளே, அந்த நொடியிலா — வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி.

காது கேளாதவர்கள் சிரித்தால் சத்தம் வராது என்று யார் சொன்னது? அரங்கமே அதிர்ந்தது. காலால் தரையை உதைத்தார்கள். எனக்குப் புரியவில்லை, பாட்டு பிடித்துவிட்டது போல என்று இன்னும் உற்சாகமாக விரல் நீட்டினேன். நாலு தடவை. இரண்டாம் வரிசையில் ரொட்டிக்காரர் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 16, திங்கள்

யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு பாதியில் நான், மறுபாதியில் கொட்டாவி. எல்லார் போனிலும் ஓடுகிறது.

பஸ் டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மருந்துக்கடைப் பெண் வாயைப் பிளந்து காட்டிவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தாள். சைகைமொழி ஒரு எழுத்து தெரியாத ஊர், ஒரே நாளில் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டது.

"வெளிய தலை காட்ட முடியலடி" என்கிறாள் அக்கா. "நாலு பேர் கேக்கறாங்க, உன் தங்கச்சியான்னு." என்ன சொன்னாய் என்றேன். "தூரத்துச் சொந்தம்னேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மார்ச் 18, புதன்

சங்கத்திலிருந்து கடிதம். இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பொது விசாரணை. அரங்கை முன்கூட்டிப் பார்க்காதது குற்றம். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர் கை தூக்கி முடிவு செய்வார்கள். தோற்றால் என் உரிமம் போகும், இருபது வருஷமும் போகும்.

எனக்காகப் பேச ஒரு சாட்சியைச் சொல்லலாம். அவர் பெயரைச் சங்க வாசல் பலகையில் பத்து நாள் எழுதி வைப்பார்கள். இன்று நாலு மணிக்குள் சொல்ல வேண்டும். கடிதம் என் கைக்கு வந்தது மூன்றரைக்கு!

எழுதிக் கொடுத்துவிட்டேன். ரொட்டிக்காரர் பெயரை. அவரைக் கேட்கவில்லை. கடை பூட்டியிருந்தது, போனில் செய்தி போட்டேன், பார்க்கவில்லை, மணி மூன்று ஐம்பத்தைந்து — வேறென்ன செய்ய?

அவர் கூச்ச சுபாவம். தன் கடைக்கே பெயர்ப்பலகை வைக்காத மனிதர். வந்து உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் வெளியே வரும்.

மார்ச் 19, வியாழன்

பதில் வந்தது. ஒரே சொல். "கேட்டிருக்கலாம்."

மார்ச் 21, சனி

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடை வாசலில் 'அடுப்பு பழுது' என்று அட்டை. அடுப்புக்கும் அவமானம் தாங்கவில்லை போலிருக்கிறது.

இன்று எனக்கு வேறொன்று உறைத்தது. ஒரு வாரமாக நான்தான் பாட்டுக்காரன், ஊர்தான் என் எதிரி என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். படத்தை மறுபடி பார்த்தேன். விரல் நீட்டுவது யார்? நான். தலையாட்டுவது யார்? நான். நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருப்பது அந்த அம்மாள். படம் முடிகிற இடத்தில் கைப்பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்கிறார். இத்தனை நாள் அது என் கண்ணிலேயே படவில்லை.

டாக்டரிடம் சொன்னேன், தலைவரம்மா வீட்டுக்குப் போய்க் காலில் விழட்டுமா என்று. "வீட்டுலயா? கூடாது. அவங்க தலை குனிஞ்சது நாலு பேர் முன்னால. நிமிர்றதும் அங்கதான் நடக்கணும். பாட்டைப் படிச்சீங்களா இல்லையா?"

மார்ச் 24, செவ்வாய்

சங்கப் பலகையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பலகை முன்னால் சக மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர். "இவரையா நம்பியிருக்கா? கடையவே பூட்டிட்டுப் போயிட்டாராமே!" என்னைப் பார்த்ததும் ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். மற்றவள் தெருவைக் கடந்தாள். நிஜமாகவே அடுத்த தெரு வழியாகப் போனாள்!

இத்தனை ஆயிரம் வருஷத்தில் மனிதர்கள் ஒரு புதுத் தெருகூடக் கண்டுபிடிக்கவில்லை. நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். வருவாரா? பயம் உரிமத்துக்கு இல்லை. அந்தப் பலகையில் நான் எழுதியது சாட்சியின் பெயரை மட்டும் இல்லை, என் ஆசையையும் சேர்த்துத்தான். எல்லாரும் படித்துவிட்டார்கள். அவரும்தான்.

மார்ச் 27, வெள்ளி

கடை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அக்கா என் நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "அவமானப்படறதுன்னு ஆயிடுச்சு, கசங்கின துணியோடயா போய்ப் படுவே?"

மார்ச் 28, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

பத்து மணி. நான் நடுவில் நின்றேன். சாட்சி நாற்காலி காலி. குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். பத்து ஐந்து. "சாட்சி வரலையா?" வருவார் என்றேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பத்தே கால். இருபத்தொரு பேரும் என்னைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். அந்தக் காலி நாற்காலியின் மரத்தில் மூன்று கீறல் இருக்கிறது, இனி எப்போதும் மறக்காது.

சரி, வருகிறவர் வரட்டும் என்று என் பங்கைச் சொன்னேன். தலைவரம்மா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "அரங்கைப் பாக்காம மேடை ஏறினது என் தப்பு. உங்களைப் பாத்து நாலு பேரைச் சிரிக்க வச்சதும் என் தப்பு. நாலு தடவை விரல் நீட்டினேன். நாலு தடவை மன்னிப்புக் கேக்கறேன்." நாலு தடவையும் கேட்டேன். அந்த அம்மாள் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. முழங்கை வரை மாவு. "ரொட்டி அடுப்புல இருந்துச்சு, கருகிடும்" என்று கையால் சொல்லிக்கொண்டே ரொட்டிக்காரர் உள்ளே வந்தார்! அடுப்புக்குப் பாகம் வாங்க வெளியூர் போய் விடியற்காலைதான் திரும்பினாராம். அதையும் சாட்சியத்தில் சேர்த்துச் சொன்னார்.

இப்போது ஒரு சிக்கல். அவர் கையால் சொல்வதைக் குறிப்பெடுப்பவருக்காக யாராவது வாயால் சொல்ல வேண்டும். அறை முழுக்க மொழிபெயர்ப்பாளர்கள், ஆனால் கை தூக்கப் போகிறவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று விதி. நான் குற்றவாளி. மிச்சம் இருந்தது ஒரே ஆள், புகார் கொடுத்ததால் கை தூக்கும் உரிமை இல்லாத தலைவரம்மா. அந்த விதியை எழுதியதே அவர்தான்.

எழுந்தார். சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அதை எங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

"எதிரிங்கள இடது பக்கம் வைக்கச் சொன்னது நான்" என்றார் தலைவரம்மா, ரொட்டிக்காரராக. "என் கடையில இடது பக்கம் அடுப்பு. அடுப்பு கோவிச்சுக்காது." ஒரு பெருமூச்சு. "அன்னைக்கு இவங்க அரங்குக்குக் கிளம்பினாங்க. நான்தான் மாவு பிசையக் கத்துத்தர்றேன்னு கையைப் பிடிச்சேன். தேவைக்கு மேல கொஞ்ச நேரம் பிடிச்சுட்டேன்."

இருபத்தொரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ரொட்டிக்காரர் மூக்கு நுனியை இரண்டு தடவை தட்டினார். தலைவரம்மாவுக்கு அந்தச் சைகை தெரியாது. தெரியாவிட்டால் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டார். அவர் விளக்கினார். தலைவரம்மா கண்ணை மூடித் திறந்து, "'மூக்கில மாவு'. இவங்களுக்கு நான் வச்ச பேர்" என்றார். பின்வரிசையில் யாரோ விசும்பல் மாதிரி சிரித்தார்கள்.

"என்னைக் கேக்காம என் பேரை எழுதினாங்க. கோவம் வந்துச்சு. மறுநாள் வெளியூர் கிளம்பறதுக்கு முன்னால பலகையைப் போய்ப் பாத்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம் படிச்சாங்க, இவங்க என்னை நம்பியிருக்காங்கன்னு. என்னை நம்பி யாரும் இப்படி வெளிப்படையா எழுதினதில்ல. அதனால நானும் வெளிப்படையாத்தான் சொல்லணும்." இங்கே தலைவரம்மா நிறுத்தினார். அறுபத்திரண்டு வயது, கறாருக்குப் பேர் போனவர், என்னை நேருக்கு நேர் பார்த்து, தெளிவாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்: "நான் இவங்களை விரும்பறேன். இதையும் குறிப்புல ஏத்திக்கோங்க."

ஏற்றிக்கொண்டார்கள். குறிப்பெடுப்பவர் 'விரும்புகிறேன்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டார்.

நான் என்ன செய்தேன்? கன்னத்தில் கை வைத்து முகத்தைத் தாழ்த்தினேன். பெண் பார்க்க வந்தபோது வருகிற வெட்கமேதான். ரொட்டிக்காரர், "பாத்தீங்களா, இது வேற" என்று கைகாட்டினார். அதையும் தலைவரம்மா மொழிபெயர்த்தார்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "இனி என் சொந்த வாய்" என்றார். "தூங்கினது நான். கொட்டாவி விட்டதும் நான். அந்தப் படத்தை இன்னிக்கு வரைக்கும் நான் பாக்கல. இவ எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டதால இனிமே பாக்கலாம்னு நினைக்கறேன்." போனை எடுத்து அங்கேயே பார்த்தார். முதலில் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நாலாவது தடவையும் நீட்டறா பாரு!" இருபத்தொரு பேரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள், இருபத்திரண்டாவது நான்.

உரிமம் தப்பியது. தண்டனை: ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் வரைந்து கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 18, சனி

டாக்டரின் வாசிப்பு மறுபடியும் வேண்டும் என்று அறுபது பேரும் கேட்டதால், அதே அரங்கம், அதே பாட்டுகள். ஐந்து மணிக்கு. நான் இரண்டுக்கே வந்துவிட்டேன்.

இடது ஓரத்து முதல் நாற்காலியில் எனக்கு முன்னாலேயே தலைவரம்மா. "எதிரிங்களை இங்கயே வைங்க" என்றார். "வீட்டுல கண்ணாடி முன்னால பழகிட்டு வந்திருக்கேன்." வாயைப் பிளந்து, தலையை ஆட்டிக் காட்டினார். அடுப்பைவிட நன்றாகச் செய்கிறார். நான் வரைந்த படத்தில் இடது ஓரத்தில் அவர் பெயரை எழுதி, கேட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

மணி நாலு. அக்கா வந்து முன் வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருக்கிறாள். ரொட்டி இன்னும் அடுப்பில், அவர் வர அரை மணி ஆகும். அந்த இடம் காலியா என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

"இல்லீங்க" என்கிறாள் அக்கா, ஒவ்வொருவரிடமும், அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எங்க வீட்டு ஆள் வர்றார்."